முதலாளிக்கு யார் லீவு கொடுப்பது?

சிறுதொழில் செய்பவர்களின் நேரப் பிரச்சினை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை கேள்வி என்பதைவிடப் புலம்பல்தான், ஆனால் நியாயமான புலம்பல். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: 30 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு பதினொன்று. நாள் முழுக்க போன், எந்த வேலையையும் உட்கார்ந்து முழுசாகச் செய்ய முடியவில்லை. டைரி எழுதிப் பார்த்தேன், நாலரை மணிக்கு எழுந்து பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. இப்போது காரணமே இல்லாமல் டெய்லர்கள் மேல் எரிந்து விழுகிறேன். நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த ஒரு வழி சொல்லுங்கள் சார். (திருப்பூர்)

பதில்: முதலில் அந்த நாலரை மணியை விட்டுவிடுங்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து, நாலரைக்கு எழுந்தால் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பீர்கள்? "வெற்றியாளர்கள் விடியற்காலையில் எழுகிறார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டிய கட்டாயம் இருந்திருக்காது.

உங்களுக்கு நேரம் போதாமல் இல்லை. கம்பெனியில் எது நடந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் நடக்கிறது, அதுதான் பிரச்சினை. ஒரு மூன்று நாள், வருகிற போன் ஒவ்வொன்றையும் ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள், யார் கூப்பிட்டார், எதற்கு என்று மட்டும் போதும். ஓவர்லாக் மெஷினில் ஊசி ஒடிந்துவிட்டது, வாங்கலாமா? மெக்கானிக்கைக் கூப்பிடலாமா? நூல் ஷேடு மாறி வந்திருக்கிறது, ஏற்றலாமா? செக்கிங்குக்கு ஆள் வரவில்லை, பக்கத்து யூனிட்டில் கேட்கலாமா? டெலிவரி சலானில் எத்தனை பீஸ் போடுவது? இப்படித்தான் இருக்கும். இதில் உங்கள் மூளை உண்மையிலேயே தேவைப்படுவது அந்த நூல் ஷேடு ஒன்றுக்குத்தான், மற்றதெல்லாம் சூப்பர்வைசரே முடிவு செய்யக்கூடியது. அவர் முடிவு செய்யாததற்குக் காரணம், ஒரு தடவை தானாகச் செய்து உங்களிடம் திட்டு வாங்கியிருப்பார்.

அதனால் அவருக்கு ஒரு தொகையைச் சொல்லுங்கள். 2,000 ரூபாய் வரைக்கும் ஊசி, எண்ணெய், மெக்கானிக், ஆட்டோ எதற்கு வேண்டுமானாலும் என்னைக் கேட்காமல் செலவு செய்யுங்கள், சாயங்காலம் பில்லைக் காட்டினால் போதும் என்று. முதல் மாதம் கொஞ்சம் காசு வீணாகத்தான் செய்யும். அதைப் பார்த்து ஒரே ஒரு தடவை கத்தினீர்கள் என்றால் மறுநாளிலிருந்து ஊசிக்கும் போன் வரும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்புறம், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மெர்ச்சண்டைசர், அதாவது அங்கே உங்கள் ஆர்டரைக் கவனிக்கும் ஆள். அவர் மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவது உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல, அவருக்கு மேலே இருப்பவர் அவரைக் கேட்கிறார். அவர் கேட்பதற்கு முன்பே காலை 11 மணிக்கும் சாயங்காலம் 5 மணிக்கும் "இவ்வளவு பீஸ் தைத்தாகிவிட்டது, இவ்வளவு செக்கிங்கில் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அதையும் சூப்பர்வைசரே போடட்டும். பாதி அழைப்புகள் தானாக நின்றுவிடும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத விஷயம். சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவது திருப்பூரில் சகஜம், ஆனால் வருஷம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் கட்டுபடியாகிறது என்றால் நீங்கள் ஒப்புக்கொண்ட பீஸ் ரேட்டே தப்பு. அதை எந்த டைரியாலும் சரிசெய்ய முடியாது. "வேண்டாம் என்று சொன்னால் அடுத்த ஆர்டருக்குக் கூப்பிட மாட்டார்கள்" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் ஒத்துக்கொண்டுவிட்டு டெலிவரியில் ஒரு வாரம் இழுத்தடித்தவரைத்தான் கம்பெனிக்காரர்கள் உண்மையில் கூப்பிட மாட்டார்கள். இருக்கிற ஆர்டர்களில் எதில் ரேட் மட்டம், எதில் ஆல்ட்ரேஷன் (திருப்பித் தைக்கும் வேலை) அதிகம் வருகிறது என்று பாருங்கள். அந்த ஒன்றை அடுத்த முறை எடுக்காதீர்கள்.

கேள்வி: லேத் ஒர்க்‌ஷாப் வைத்து பம்ப் பாகங்கள் செய்து தருகிறேன். வேலை எவ்வளவு இருந்தாலும் எனக்குக் களைப்பு தெரியாது. பில் போட்டு மூன்று மாதமாகியும் பணம் வராமல், இதோ அதோ என்று அலைய விடுகிறார்களே, அதில்தான் இரவுத் தூக்கம் போகிறது. இதற்கும் நேர நிர்வாகத்துக்கும் சம்பந்தம் உண்டா? (கோயம்புத்தூர்)

பதில்: சம்பந்தம் நிறையவே உண்டு. கேட்கத் தெரிந்த ஆள் நீங்கள். ஒரு சிறு முதலாளியின் வாரத்தில் எவ்வளவு நேரம் பணத்தைத் துரத்துவதில் போகிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நேரில் போய்க் காத்திருப்பது, அக்கவுண்ட்ஸ் ஆளுக்குப் போன் போடுவது, பணம் வராததால் வேறிடத்தில் கைமாற்று வாங்குவது, வாங்கிய இடத்துக்கு வட்டி கட்ட ஓடுவது எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, பலருக்கு அது பாதிதான் தெரியும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது ஏட்டில் மட்டும்தான் இருந்தது. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் கொஞ்சம் அசைந்தன: கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக அவர்கள் காட்ட முடியாது, பணம் தந்த வருஷத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது நினைவூட்டினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இதை வைத்துக்கொண்டு நாளைக்கே அரசிடம் புகார் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக ஆர்டர் தரும் கம்பெனியிடம் அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டியதில்லை. உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடியுங்கள், "45 நாளுக்குள்" என்று ஒரு வரி சேருங்கள், பணம் கேட்டுப் பேசும் வேலைக்கு வாரத்தில் ஒரே ஒரு நாளை ஒதுக்குங்கள், முடிந்தால் அதை நீங்கள் செய்யாமல் கணக்குப் பார்க்கும் ஆளிடம் கொடுங்கள். முதலாளி பணம் கேட்டால் "பார்க்கலாம் அண்ணா" என்று தட்டிக் கழிப்பவர்கள், கணக்குப் பிள்ளை பில் நம்பரோடு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் அக்காவும் டிபன் கடை நடத்துகிறோம். மூன்றரைக்கு எழுந்து அடுப்பு பற்றவைத்தால் ராத்திரி மாவு ஆட்டி முடிக்கிற வரைக்கும் ஓய்வே இல்லை. ஆறு வருஷமாக லீவு விட்டதில்லை. விட்டால் வாடிக்கை போய்விடும் என்று அக்கா சொல்கிறாள். (மதுரை)

பதில்: அக்காவின் பயம் தெரிகிறது. ஆனால் மதுரையில் வாரம் ஒரு நாள் பூட்டும் கடைகள் எத்தனையோ நன்றாகவே நடக்கின்றன. எந்த நாள் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கல்லாவைக் கேளுங்கள். ஒரு மாதம் தினசரி வசூலை எழுதி வைத்தால், மிகவும் மட்டமான கிழமை எது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் ஆபீஸ்கள் இருந்தால் அது ஞாயிறாக இருக்கும், வீடுகள் இருந்தால் ஞாயிறுதான் உங்கள் நல்ல நாள். அந்த மட்டமான நாளில், முதலில் சாயங்கால டிபனை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மாதம் பாருங்கள். அப்புறம் முழு நாள். போர்டில் பெரிதாக எழுதிப் போட்டுவிட்டால் ஆட்கள் பழகிக்கொள்வார்கள். ஆனால் திடீர் திடீரென்று பூட்டினால்தான் வாடிக்கை போகும்.

இன்னொன்று, ராத்திரி மாவு. ஆட்டுவதற்குத் தனியாக ஓர் ஆளைச் சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கை பதம் வராது என்பீர்கள். வராதுதான், ஒரு வாரத்துக்கு. மெனுவையும் பாருங்கள். பதினெட்டு வகைத் தோசை போட்டிருந்தால் அதில் ஆறுதான் விற்கும். மீதி பன்னிரண்டுக்கும் மசாலா அரைத்து வைப்பது நீங்கள்தானே?

கேள்வி: ஜிஎஸ்டி தேதி நெருங்கினாலே காய்ச்சல் வருகிறது. மாதா மாதம் 11, 20 என்று வந்துகொண்டே இருக்கிறது. (கரூர்)

பதில்: ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால், 2021 ஜனவரியிலிருந்து காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் கியூஆர்எம்பி திட்டம் இருக்கிறதே? வரியை மட்டும் ஒவ்வொரு காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் சலானில் கட்ட வேண்டும். உங்களிடம் வாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் கிரெடிட் (உங்களிடம் கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) தேவைப்பட்டால் அந்த பில்களை மட்டும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றலாம். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், ஏன் என்றும் கேளுங்கள். எந்தத் திட்டமானாலும் பில்லை அன்றன்றைக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறவருக்கு 20ஆம் தேதி காய்ச்சல் வராது.

கேள்வி: வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு "ரேட் ப்ளீஸ்" என்று மெசேஜ் வருகிறது. பதில் போடாவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார்களோ என்று பயம். (இளம்பிள்ளை)

பதில்: ராத்திரி பதினொன்றரைக்கு ரேட் கேட்பவர் அநேகமாகப் படுத்துக்கொண்டு பத்துப் பேரிடம் கேட்கிறார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் இருக்கிறது, ரேட்டை அங்கேயே போடுங்கள். "இன்பாக்ஸில் கேளுங்கள்" என்ற பழக்கத்தால் வருகிற வேலைதான் உங்களுக்குப் பாதி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் தானாகப் போகும் பதிலையும் அதிலேயே அமைக்கலாம்: "காலை 10 மணிக்குப் பதில் தருகிறோம் அக்கா." அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு வந்திருப்பது களைப்பா, சோம்பலா என்றே தெரியவில்லை. கடை திறக்கவே பிடிக்கவில்லை. அப்பா இதே கடையை நாற்பது வருஷம் நடத்தினார், ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. (திருநெல்வேலி)

பதில்: சோம்பேறிக்கு இந்தச் சந்தேகம் வராது. இது "பர்ன்அவுட்" என்று சொல்லப்படும் களைப்பாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலை சார்ந்த நிலை என்று வரையறுத்தது, நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்க முடியாமல் நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவாக மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலை மேல் ஒரு வெறுப்போ விலகலோ வருவது, நம்மால் உருப்படியாக எதுவும் ஆகவில்லை என்று தோன்றுவது. இதைப் பற்றி 1974இல் முதலில் எழுதியவர்களில் ஒருவரான நியூயார்க் மனநல நிபுணர் பிராய்டன்பர்கர், பகலில் சொந்தத் தொழிலையும் இரவில் இலவச மருத்துவமனையையும் பார்த்துக் களைத்துப்போனவர். சோம்பேறிகளை வைத்து அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

உங்கள் அப்பா காலத்தில் கடைக்கு ஷட்டர் இருந்தது, இறக்கினால் முடிந்தது. இன்று கடை பாக்கெட்டுக்குள் இருக்கிறது. தவிர, அவர் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியும்.

கடையை விட்டு நான்கைந்து நாள் தள்ளியிருந்து பாருங்கள். வேறு விஷயங்களில் மனம் ஓடுகிறது, கடையை நினைத்தால் மட்டும் பாரமாக இருக்கிறது என்றால், மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்யலாம். பிடித்த சாப்பாடு, குழந்தை, கோயில், கிரிக்கெட் எதிலுமே மனம் ஒட்டவில்லை, தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது கடைப் பிரச்சினை இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் எண் 14416, மத்திய அரசின் இலவச சேவை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். காலை ஏழு முதல் இரவு பத்து வரை, ஞாயிறும் அரை நாள். சொன்னால் "நான் இல்லாவிட்டால் ஓடாது" என்கிறார். எப்படிப் புரியவைப்பது? (திண்டுக்கல்)

பதில்: புரியவைக்க முடியாது. உண்மையில் அவர் இல்லாவிட்டால் ஓடாதபடிதான் அவரே கடையை அமைத்து வைத்திருக்கிறார், அதனால் அவர் சொல்வது பொய்யும் இல்லை. நீங்கள் சொல்லும் நேரத்தைக் கூட்டினால் வாரம் 95 மணியைத் தாண்டுகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம்தான் என்று நம் நாட்டில் 1948லேயே சட்டம் போட்டார்கள். முதலாளிக்கு அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. இதை அவரிடம் படித்துக் காட்டினால் சண்டைதான் வரும், வேண்டாம்.

"ஓய்வெடுங்கள்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஒரு வேலையை உங்களிடம் தரச் சொல்லுங்கள். சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவது நல்ல ஆரம்பம். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி என்பது இப்போது அவர் தலையில் மட்டும்தான் இருக்கும், ராத்திரி அவரைத் தூங்கவிடாததும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு நோட்டில் அதை எழுதி வாங்குங்கள். நாளைக்கு அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தாலும் கடைக்கு உதவும் என்று சொல்லிக் கேளுங்கள், தனக்காகச் செய்யாதவர் கடைக்காகச் செய்வார். பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், ஞாயிறு மத்தியானம் கடை பூட்டியதும் நேராகக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.