எனக்குப் பிடிச்ச எண் 1806

பிடிச்ச எண் எது, ஏன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு 1806 தாங்க. வேலூர்ல யார்கிட்ட இந்த நம்பரை சொன்னாலும் சிப்பாய் புரட்சின்னு டக்குனு சொல்லிடுவாங்க, 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள ஆரம்பிச்சது. மக்கான் கிட்ட அதுக்கு நினைவுத்தூண் இருக்கு, ஸ்கூல் போறப்ப தினமும் பஸ் ஜன்னல்ல பாத்துட்டே போவேன். ஆனா அந்த எண்ணுக்குள்ள இன்னா இருக்குன்னு எம்.எஸ்சி கணக்கு படிக்கறப்பதான் தெரிஞ்சுது.

மொதல்ல சிம்பிளா ஒண்ணு. 1806 மல்லாட்டை (வேர்க்கடலை) இருக்குன்னு வைங்க. ஒருத்தருக்குப் பாதி 903, இன்னொருத்தருக்கு மூணுல ஒரு பங்கு 602, அடுத்தவருக்கு ஏழுல ஒரு பங்கு 258, கடைசி ஆளுக்கு நாப்பத்திமூணுல ஒரு பங்கு 42. கூட்டினா 1805, ஒண்ணே ஒண்ணு மிச்சம். டியூஷன் பசங்களுக்கு இதைத்தான் மொதல்ல போட்டுக் காட்டுவேன், அந்த ஒண்ணு மிஞ்சறப்ப அவங்க மூஞ்சியைப் பாக்கணும்.

இந்த எண் எப்படி வருதுன்னா, 2-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் அடுத்த எண்ணால பெருக்கிட்டே போங்க. 2×3=6, 6×7=42, 42×43=1806. இதுவரைக்கும் 3, 7, 43 எல்லாமே பகா எண்ணா வந்துச்சு, ஆனா அடுத்து வர்ற 1807 பகா எண் இல்ல, 13×139. சங்கிலி இங்கயே நின்னுடுது.

எனக்கு உசுரே இதுக்கப்புறம் வர்றதுலதான். பெர்னூலி எண்கள்னு பின்னங்களோட ஒரு வரிசை இருக்கு, ராமானுஜன் 1911-ல வெளியிட்ட மொதல் கட்டுரையே அதைப் பத்திதான். அதுல 1-வது எண்ணோட பகுதி (பின்னத்துல கோட்டுக்குக் கீழ இருக்கற எண்) 2, 2-வதோட பகுதி 6, 6-வதோட பகுதி 42, 42-வதோட பகுதி 1806. சரி, 1806-வது பெர்னூலி எண்ணோட பகுதி இன்னான்னு பாத்தா, அதுவும் 1806! தன்னோட இடமும் பகுதியும் ஒண்ணா இருக்கறது அந்த மொத்த வரிசையிலயும் இது ஒண்ணுதான், வேற கிடையாது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைங்க.

புரட்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்ல, ஆனா எங்க ஊரு வருஷத்துல இது இருக்குன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அந்தப் பெர்னூலி பகுதி ஏன் 1806-லயே நிக்குதுன்னு நீங்களே செக் பண்ணலாம். 1840-ல கண்டுபிடிச்ச ஒரு விதி இருக்கு: இரட்டைப்படை இடத்துல இருக்கற பெர்னூலி எண்ணுக்கு, அந்த இடத்தோட வகுத்திகளை எழுதி ஒவ்வொண்ணுலயும் 1 கூட்டுங்க, அதுல பகா எண்ணா வர்றதை மட்டும் பெருக்கினா பகுதி. 1806-க்கு வகுத்தி மொத்தமே 16 தான். ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, 87 வரும், அது 3×29, 259 வரும், அது 7×37, பகா எண்ணுன்னு கடைசியில தேறறது 2, 3, 7, 43 மட்டும்தான்.