நின்றே கிடக்கும் காரில் பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

கேள்வி: பாளையங்கோட்டை மகாராஜநகரில் இருக்கிறேன். சின்ன பெட்ரோல் கார். உழவர் சந்தை, கோயில் என்று வாரத்தில் இரண்டு தடவை எடுத்தால் அதிகம். பேட்டரி மாற்றி இரண்டரை வருஷம்தான் ஆகிறது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் எடுக்காவிட்டால் 'டக் டக்' என்கிறதே தவிர ஸ்டார்ட் ஆவதில்லை. தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் என் மைத்துனரின் காரில் ஐந்தாவது வருஷமும் அதே பேட்டரி ஓடுகிறது. எனக்கு வாய்த்தது மட்டமான சரக்கா?

பதில்: சரக்கின் மேல் பழி போடாதீர்கள் அண்ணாச்சி. நம் பக்கத்து வெயிலில் கார் பேட்டரிக்கு மூன்று, நான்கு வருஷம் நியாயமான ஆயுள். உங்கள் மைத்துனருக்கு ஐந்து வருஷம் வருவதற்குக் காரணமே அவருடைய ஓட்டம்தான். ஒரு நடைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஸ்டார்ட் செய்யும்போது செலவான கரண்டை, இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சீக்கிரமே ஏற்றிவிட்டு, மிச்ச வழியெல்லாம் பேட்டரியை நிறைவாக வைத்திருக்கிறது. சந்தைக்குப் போகும் ஐந்து நிமிஷத்தில், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு போனால், என்ன ஏறிவிடும்?

அப்புறம், பூட்டி நிறுத்திய காரும் கரண்ட் குடிக்கும். கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. உங்கள் மாதிரிக் காரில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். அது பாதி இறங்கவே இரண்டு வாரம் ஆக வேண்டும். மூன்றே நாளில் படுக்கிறது என்றால், ஒன்று அது முழுதாக ஏறுவதே இல்லை, அல்லது வேறு ஏதோ இழுக்கிறது. பின்னால் மாட்டிய டேஷ்கேமிரா, ஜிபிஎஸ் இருந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல். அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். முற்றிப்போனால் எந்தச் சார்ஜருக்கும் மசியாது.

வெயில் அடுத்த எதிரி. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் வற்றும், தகட்டின் சட்டம் அரிக்கும். ஆனால் கோடையில் பட்ட அடி, வைப்பரும் லைட்டும் சேர்ந்து ஓடும் ஐப்பசி மழையில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

மாற்றும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடும் முன்னால் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் குற்றவாளி ஆல்டர்னேட்டரோ வயரிங்கோ, புதுப் பேட்டரி வாங்கியும் பிரயோசனம் இல்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பிறகு கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, லோட் டெஸ்ட் (பாரம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். மூடி திறக்கிற பேட்டரி என்றால், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் வைப்பார்கள். உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஐந்து 1.26 காட்டி ஒன்றில் மட்டும் 1.18 என்றால் அந்த அறை செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். இந்த மாதிரிப் பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் தவிர எதையும் ஊற்ற வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் அதற்கு ஆகாது.

தேறிவிட்டால், வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினாலே போதும். வீட்டு வாசலில் பத்து நிமிஷம் இன்ஜினை உறும விடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

புதிது வாங்க நேர்ந்தால் கடையில் ரொம்ப நாள் தூங்கிய சரக்கைத் தள்ளிவிடப் போகிறார்கள், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். வாரன்ட்டியில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலையில் கழிவு என்று பிரித்துக் கேட்டு, கார்டில் தேதியும் சீலும் போட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியை அங்கேயே கொடுத்தால் ஈயத்துக்காக ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வார்கள்.