முதல் பாயிண்டிங் நாய்: துப்பாக்கி சத்தத்துல மட்டும் அவசரப்படாதீங்க

அமெரிக்காவுல சவுத் டகோட்டாவுல இருக்கேன், அக்டோபர்ல ஃபெசன்ட் (கோழி மாதிரி ஒரு காட்டுப் பறவை) வேட்டைக்குப் போக முதல் பாயிண்டிங் நாய், அதாவது பறவை வாசம் புடிச்சதும் பாயாம அசையாம நின்னு காட்டுற நாய், வாங்கணும், வீட்ல சின்னப் பசங்க ரெண்டு பேர், எந்த பிரீட் வாங்குறது, துப்பாக்கி சத்தம் எப்படி பழக்குறதுன்னு கேட்டிருந்தீங்க.

பிரீட்ல ரொம்ப குழம்ப வேணாம். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு 20ல இருந்து 30 கிலோ வரை வரும், தினமும் நல்லா ஓட விடலன்னா வீட்டையே பிச்சுப் போட்டுரும். பிரிட்டனி 15, 18 கிலோதான், உங்க வீட்டுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா பிரீடை விட தாய் தகப்பன் முக்கியங்க, ரெண்டும் காட்டுல பறவை முன்னாடி அசையாம நிக்குதான்னு நேர்ல போய் பாருங்க, இடுப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட் கேளுங்க, காட்டத் தயங்குனா வேற இடம் பாத்துக்கலாம்.

ஏப்ரல்ல 8 வாரக் குட்டியா வந்தா அக்டோபர்ல 8 மாசம் ஆகியிருக்கும். குட்டி முன்னாடி கயித்துல இறக்கை கட்டி ஆட்டுறத ரெண்டு மூணு தடவையோட நிறுத்திடுங்க, அதிகமானா மூக்க விட்டுட்டு கண்ணால தேட ஆரம்பிச்சிடும். ஃபெசன்ட் தரையிலயே ஓடுற பறவை, குட்டிக்கு அது கஷ்டம், அதனால புறாவுல ஆரம்பிங்க. புறாவ லாஞ்சர்ல (நாம நினைச்ச நேரத்துல பறவைய மேல பறக்க விடுற பெட்டி) வச்சு புல்லுக்குள்ள ஒளிச்சிட்டு, குட்டிக்கு 30 அடி கயிறு கட்டி காத்துக்கு எதிரா கூட்டிட்டு வாங்க, வாசம் புடிச்சு நின்னா அப்படியே நிக்க விடுங்க, ஒரு அடி முன்ன வச்சாலும் உடனே புறாவ பறக்க விடுங்க, நாம பாய்ஞ்சா கிடைக்காதுன்னு அதுவே புரிஞ்சுக்கும், நீங்க கத்தவே வேணாம்.

இப்ப துப்பாக்கி. சத்தத்துக்குப் பயப்படுற நாய்ல முக்கால்வாசி நாம கெடுத்ததுதான். பழகட்டும்னு ஷூட்டிங் ரேஞ்சுக்குத் தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடாதீங்க, என் முதல் நாய அப்படித்தான் நான் கெடுத்தேன், இன்னிக்கும் மனசு வலிக்குது. ஜூலை 4 அமெரிக்க சுதந்திர தினப் பட்டாசுக்கும் நம்ம தீபாவளிக்கு செய்ற மாதிரி வீட்டுக்குள்ளயே வச்சிருங்க. புறா பறந்து குட்டி ஆசையா துரத்தும்போது 100 மீட்டர் தள்ளி ஒருத்தர் பிளாங்க் பிஸ்டல் (குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்றது) சுடட்டும். கண்டுக்கலன்னா பல நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வாங்க, நின்னு திரும்பிப் பாத்தா அன்னிக்கு அதோட போதும், அடுத்த தடவை இன்னும் தள்ளி ஆரம்பிங்க.

ஃபெசன்ட் சீசன் அக்டோபர் மூணாவது சனிக்கிழமை தொடங்கும், சேவல் (ஆண் பறவை) மட்டும்தான் சுடலாம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3. முதல் நாள் கூட்டத்தோட போகாம நீங்களும் நாயும் மட்டும் போங்க, அது நின்னு காட்டாத பறவைய சுடாதீங்க.