டைனமோவைக் கழற்றும் முன் கேஜைப் பாருங்கள்

வியாசர்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி: "கொல்லிமலையில் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பின்னால் ஓடையிலிருந்து பைப் இறக்கி, சின்ன டர்பைன் வைத்துக் கரன்ட் எடுக்கிறோம். 20 மீட்டர் இறக்கம். 1 கிலோவாட் வரும். தை மாதம் போனபோது பல்பு மங்கி எரிந்தது. டைனமோ காயில் போய்விட்டது, சென்னையில் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். காயில் கருகினால் வார்னிஷ் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும். வாடையே இல்லாமல், மங்கலாக ஆனால் சீராக எரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

மெஷினுக்கு மேலே, வால்வுக்கு முன்னால் பைப்பில் ஒரு பிரஷர் கேஜ் இருக்க வேண்டும். 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. வால்வை மூடினால் உங்கள் கேஜ் 2 கிலோ காட்ட வேண்டும். திறந்து ஓடவிட்டால் முள் கொஞ்சம் இறங்கும், அது சரி. 1 கிலோ பக்கம் விழுந்தால் மேலே அடைப்பு. ஏறிப் போய்ப் பாருங்கள்: பைப் தொடங்கும் தொட்டியின் முகப்பில் உள்ள கம்பிச் சல்லடையில் இலை அப்பளம் அடுக்கியதுபோல ஒட்டிக்கிடக்கும். மாறாக, ஓடும்போதும் முள் 2 கிலோவை விட்டு அசையவில்லையா? டர்பைன் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் நாசிலின் வாயில் கூழாங்கல் உட்கார்ந்திருக்கிறது. வால்வை மூடிவிட்டு நாசிலைக் கழற்றித் தட்டுங்கள். வால்வை எப்போதும் மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் ஓடிவரும் தண்ணீர் முட்டிப் பைப்பைப் பிளந்துவிடும்.

கோடைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. சித்திரையில் சல்லடை சுத்தமாக இருந்தும் முள் விழும், ஆடும். ஓடையில் வருவதைவிட நாசில் அதிகம் குடிப்பதால் தொட்டி வற்றி, பைப்புக்குள் காற்று இறங்குகிறது. அப்போது வால்வைத் திருகிக் குறைக்காதீர்கள், அழுத்தம் அங்கேயே வீணாகும். ஓட்டை சின்னதாக உள்ள வேறு நாசிலை மாட்டுங்கள். தொட்டி நிரம்பி ஓரத்தில் லேசாக வழிய வேண்டும், அதுதான் அடையாளம். பாதித் தண்ணீருக்குப் பாதிக் கரன்ட்தான். எந்த மெக்கானிக்கும் அதைக் கூட்டித் தர முடியாது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். வோல்டேஜைச் சீராக வைக்கும் கன்ட்ரோலரோடு ஒரு ஹீட்டர் இணைத்திருப்பார்கள். வீட்டில் பல்பை அணைத்தால் மிச்சக் கரன்ட் அதில் போகும். "வீணாப் போகுது சார்" என்று அதைப் பிடுங்கிவிடுகிறார்கள் சிலர். இழுக்க லோடு இல்லாத டர்பைன் வெறிபிடித்துச் சுற்றும், வோல்டேஜ் எகிறும், பல்பும் காயிலும் போகும். அப்புறம் காயில் கட்ட அதே ஆள்தான் வருவார். பிடுங்கச் சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

மாடியில் சோலார் வைத்தால் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, நல்லது. ஓடைக் கரன்டுக்கு என்ன உண்டு என்று கேட்டுப் போன என்னை மேசை மேசையாக அனுப்பினார்கள். 25 மெகாவாட் வரை எல்லாமே சிறு நீர்மின்சாரம் என்று ஒரே பெயர் வைத்தால், 1 கிலோவாட் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அதே கூட்டம் இப்போது நம் பக்கமும், "மாடி டேங்க் பைப்பில் டர்பைன், கரன்ட் பில்லே வராது" என்று சொல்லித் திரிகிறது. 1,000 லிட்டர் 10 மீட்டர் இறங்கினால் முழுசாகக் கிடைத்தாலும் 27 வாட்-மணி. ஒரு 9 வாட் பல்பு 3 மணி நேரம் எரியும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் அதைவிட அதிகம் தின்றிருக்கும்.

அடுத்த முறை மலைக்குக் கிளம்பும் முன் மண்ணடியில் 4 கிலோ வரை காட்டும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பைப்பில் ஏற்கெனவே உள்ள மரை என்ன அளவு என்று ஊரில் கேட்டுவிட்டு வாங்குங்கள். முள் சரியாக நின்றும் பல்பு மங்கினால், அன்றைக்குக் காயிலைப் பற்றிப் பேசலாம்.