வேலூர் பக்கம் அழகான சாலை எது?

கேள்வி: வேலூரைச் சுற்றி ஒரே நாளில் காரில் போய்வர அழகான சாலை எது? எதை வைத்து அதை அழகு என்கிறீர்கள்?

வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான். மலையும் மரமும் அதற்குப் பிறகு.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறுபக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள், இடையில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாறு. காட்சிக்கு ஒரு குறையும் இல்லை. பின்னால் லாரி ஒலியெழுப்பிக்கொண்டு வரும்போது அதைப் பார்ப்பது யார்? சிறுவயதில் அதே தடத்தில் பஸ்ஸில் போனால் புளியமர நிழல் விட்டுவிட்டு முகத்தில் விழும். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்கள் போய்விட்டன. ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்துவோம். அது வேறு கணக்கு.

ஏலகிரி ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: கபிலர், கம்பர், பாரி, காரி, ஓரி என்று. கைப்பேசியில் மூழ்கியிருந்த என் மகள் பலகையைப் பார்த்துவிட்டு, "பேகன் யாரப்பா?" என்றாள். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை அடுத்த வளைவு வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். முன்னால் போகும் வண்டியின் பின்புறம்தான் காட்சி.

என் தேர்வு ஜவ்வாது மலை. காலையில் கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி, மாலையில் காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்குவேன். சாலை குறுகல்தான். வளைவுகளில் ஒலியெழுப்புங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதிரே வண்டி வருவதே அபூர்வம். சாமைக் கொல்லை தென்பட்டால் இறங்கிப் பார்க்கலாம், சீத்தாப்பழக் காலமென்றால் விலை பேசலாம்.

போன தை மாதம் அத்தையும் உடன் வந்திருந்தார். காவலூரைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. "கொஞ்சம் ஓரமாக நிறுத்தப்பா, கால் மரத்துப்போய்விட்டது" என்றார். நிறுத்தி விளக்கை அணைத்த பிறகுதான் வானம் தெரிந்தது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர் அது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த இடம். அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. கால்வலியை மறந்து, தலைக்கு நேர் மேலே கார்த்திகையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் ஆறு. கண்ணாடி போட்ட எனக்கு ஐந்துதான் வந்தது.