ஆல்வின் மேக்கர் நாவல் வரிசை படிக்கலாமா? எத்தனை புத்தகம் வரைக்கும் தாங்கும்?

கேட்டவர் கேள்விய கொஞ்சம் நீளமா கேட்டிருக்கார். டிராகன், கோட்டை, இளவரசின்னு ஐரோப்பா பேன்டஸியே படிச்சு அலுத்துப்போச்சு, அமெரிக்கா காடா கிடந்த காலத்துல நடக்கற மாயாஜாலக் கதை ஒண்ணு இருக்காமே, அது தேறுமா, ஆறு புத்தகமும் படிக்கணுமான்னு. சுருக்கமா சொல்லணும்னா மொதல் மூணு கண்டிப்பா படிங்க, நாலாவது உங்க பொறுமையப் பொறுத்தது, மிச்சம் ரெண்டும் நேரம் இருந்தா.

இப்ப நீளமா சொல்றேன்.

நான் இந்த வரிசைக்குள்ள போனதே தப்பான வாசல் வழியா. பிளாட்பார பழைய புத்தகக் கடையில 40 ரூபாய்க்கு "ரெட் ப்ராஃபட்" கிடைச்சுது, அட்டைய பாத்து வாங்கினேன், அது ரெண்டாவது புத்தகம்னு பாதி படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. மொத புத்தகம் "செவன்த் சன்" 1987ல வந்தது, ரெட் ப்ராஃபட் 1988, "ப்ரென்டிஸ் ஆல்வின்" 1989. எழுதினவர் ஆர்சன் ஸ்காட் கார்ட், எண்டர்ஸ் கேம்னு அந்த விண்வெளி நாவல் எழுதினாரே அவரேதான். அவரோட அரசியல் கருத்துக்கள் பாதி எனக்கு ஒத்தே வராது, அத இங்க கிளறப் போறதில்ல.

கதை நடக்கற அமெரிக்கா நமக்கு தெரிஞ்ச அமெரிக்கா இல்ல. இங்கிலாந்துல ராஜாவ கவுத்த கிராம்வெல் காலத்துக்கு அப்புறம் ராஜா திரும்பி வரவே இல்லன்னு வெச்சுக்கறாரு. ராஜ குடும்பம் ஓடிப்போய் அமெரிக்காவோட தெற்குப் பக்கம் உக்காந்துட்டு இருக்கு, நம்ம வரைபடத்துல சார்ல்ஸ்டன்னு இருக்கற ஊருக்கு அங்க கேமலாட்னு பேரு. வடகிழக்குல இருக்கற நியூ இங்கிலாந்து, பியூரிட்டன்னு ஒரு கறாரான கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க கையில. அமெரிக்கான்னு ஒரு நாடு இருக்கு ஆனா சின்னது, அதுக்குள்ள இரோக்வாய் பூர்வகுடி மக்களுக்கே ஒரு மாநிலம் இருக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் துரோகின்னு தலை வெட்டப்பட்டவர், அவ்ளோதான் அவர் கதை. கனடாவுல நெப்போலியன் வந்து இறங்கறான். வில்லியம் பிளேக் இருக்காரே, இங்கிலாந்து கவிஞர், அவர் ஊர் ஊரா சுத்தி கதை மாத்திக்கற கிழவனா வர்றார், நீ ஒரு கதை சொன்னா நான் ஒண்ணு சொல்வேன்னு. அவர்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதுல தான் வாழ்க்கைல உண்டாக்கின ஒரே விஷயம்னு எழுதி வெச்சது "அமெரிக்கர்கள்"ங்கறத. வரலாறு தெரிஞ்சவங்களுக்கு இந்த மாதிரி பக்கத்துக்கு பக்கம் ஏதாவது மாட்டும், தெரியாட்டியும் கதை ஓடும்.

ஆனா என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது அது இல்ல, அங்க இருக்கற மந்திரம். இதுல மந்திரவாதி கிடையாது, கோல் கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு சின்ன கைவாகு இருக்கும், அதுக்கு புத்தகத்துல இருக்கற வார்த்தை "நேக்". நம்ம ஊர்ல "அதுக்கு ஒரு நேக்கு வேணும்டா"ன்னு சொல்றோமே, அப்டியே அதுதான், படிக்கறப்ப எனக்கு சிரிப்பா வந்துது. ஒருத்தனுக்கு தீ பத்த வைக்க வரும், ஒருத்தனுக்கு குச்சிய புடிச்சு கிணத்துக்கு தண்ணி பாக்க வரும், ஒருத்தன் பேசினா எதிராளி தலையாட்டுவான். வாசல்ல கெட்டது அண்டாம இருக்க கோடு கோடா சின்னம் போட்டு வெப்பாங்க. மனுஷங்களுக்குள்ள இருக்கற நெருப்ப பாத்து அவங்க எதிர்காலத்த சொல்றவங்களுக்கு "டார்ச்"னு பேரு, பேட்டரி லைட் இல்ல, தீப்பந்தம். இதெல்லாம் அவரா கற்பனையில புடிச்சதும் இல்ல, அந்தக் காலத்து குடியேறிங்க நிஜமாவே குச்சி வெச்சு தண்ணி பாத்தாங்க, களஞ்சியத்துல சின்னம் வரைஞ்சாங்க, ஏழாவது பையனோட ஏழாவது பையனுக்கு கைராசி உண்டுன்னு நம்பினாங்க. இந்தாளு அதெல்லாம் வேலை செஞ்சா எப்டி இருக்கும்னு மட்டும் கேட்டுட்டு எழுதிட்டாரு.

ஆல்வின் அந்த மாதிரி ஏழாவது பையனுக்கு ஏழாவது பையன். அவன் பொறக்கற சீன் ஒண்ணு போதும் மொத புத்தகத்துக்கு. குடும்பம் வண்டில ஆத்த கடக்குது, வெள்ளம் வருது, அம்மாவுக்கு வலி எடுத்துடுச்சு, மூத்தவன் விகர் குடும்பத்த காப்பாத்தப் போய் வெள்ளத்துல வந்த மரத்துல மாட்டிக்கறான். இவன் பொறக்கற நேரத்துல முன்னாடி பொறந்த ஆறு அண்ணன்களும் உயிரோட இருந்தாத்தான் இவன் ஏழாவது. அதனால அந்த மூத்தவன் ஆத்துக்குள்ள உடம்பு நொறுங்கிப்போய் மூச்ச மட்டும் புடிச்சு வெச்சிருக்கான், தம்பி பொறக்கற வரைக்கும், பொறந்ததும் விட்டுடறான். பக்கத்துல இருந்து இத பாக்கறது அஞ்சு வயசு பொண்ணு பெக்கி, அவ ஒரு டார்ச். கொழந்த மொகத்துல ஒட்டியிருந்த சவ்வ எடுத்து காய வெச்சு பத்திரப்படுத்திக்கறா, அப்புறம் வருஷக்கணக்கா எங்கயோ தூரத்துல இருந்துட்டே அதுல துளித்துளியா கிள்ளி தேச்சு அவன காப்பாத்திட்டே இருக்கா. சர்ச் கட்டறப்ப உத்தரம் நேரா இவன் தலைமேல விழுது, விழற வழியிலயே சரியா இவன் நிக்கற எடத்துல ரெண்டா பொளந்து ரெண்டு பக்கமும் விழுது. ஏன்னு அவனுக்கே தெரியாது.

எதிரின்னு யாரும் கொம்பு வெச்சுட்டு வர்றதில்ல. எல்லாத்தையும் இத்துப்போக வைக்கற ஒண்ணு இருக்கு, அன்மேக்கர்னு பேரு, அது பெரும்பாலும் தண்ணி வழியா வேலை பாக்கும். தண்ணி, துரு, அரிப்பு. அத விட பயங்கரம், பெத்த அப்பனுக்கே தன் புள்ளைய கொன்னுடணும்னு ஒரு எண்ணம் திடீர் திடீர்னு வரும், அவர் நடுங்கிப் போய் நிப்பாரு. எனக்கு அந்த பக்கங்கள் இன்னிக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

இப்ப நான் தப்பான வாசல்னு சொன்னேன்ல, அங்க வர்றேன். ரெட் ப்ராஃபட்ல லொல்லா வோசிக்கின்னு ஒரு ஒத்தக்கண்ணு குடிகாரன். சின்ன வயசுல கண்ணு முன்னாடி அப்பாவ ஹாரிசன்ங்கற வெள்ளக்காரன் சுட்டுக் கொன்னதுல இருந்து தலைக்குள்ள ஒரு கருப்பு இரைச்சல் ஓயாம ஓடிட்டே இருக்கு, விஸ்கி குடிச்சாதான் அது அடங்கும், அதனால அந்த ஹாரிசன் கோட்டையிலயே அவன் குடுக்கற சாராயத்துக்கு நாய் மாதிரி கிடக்கறான். ஒரு நாள் எந்திரிச்சு எங்கயோ தெரியற வெளிச்சத்த தேடி போறான், போய் நிக்கறது ஒரு வெள்ளக்கார சின்னப் பையனோட படுக்கையறையில. அந்தப் பையன் அவனோட இரைச்சல நிறுத்திடறான். மூணு நாலு பக்கம்தான், நான் பஸ்ல படிச்சேன், இறங்க வேண்டிய ஸ்டாப் போயிடுச்சு.

அப்புறம் சில மாசம் கழிச்சு மொத புத்தகம் கெடச்சு படிக்கறப்ப, அங்க அந்தப் பையன், அதான் நம்ம ஆல்வின், வேற ஒரு பஞ்சாயத்துல இருக்கான். அக்காங்க இவன் தூங்கற சட்டையில ஊசி குத்தி வெச்சுட்டாங்கன்னு பழிவாங்க, கரப்பான் பூச்சிங்கள மனசால பேசி ஏமாத்தி அவங்க ரூமுக்கு அனுப்பறான், அதுங்களுக்கு அங்க சாப்பாடு இருக்கு ஆபத்து இல்லன்னு சொல்லி. அக்காங்க கத்தி மிதிச்சு அத்தனையையும் கொன்னுட்டாங்க. சிரிச்சுட்டே படுத்தவன் முன்னாடி ஜொலிக்கற ஒரு ஆளு வந்து நிக்கறான், நம்பி வந்த பூச்சிங்கள கொன்னுட்டோம்னு இவனுக்கு அப்பதான் உறைக்குது, இனிமே என் சக்திய எனக்காக பயன்படுத்த மாட்டேன்னு சத்தியம் பண்றான். அந்த ஜொலிக்கற ஆளு யாருன்னு மொத புத்தகம் மட்டும் படிக்கறவனுக்கு தெரியாது. எனக்கு தெரியும். அந்த ஆளுக்கு இந்தப் பையன் தேவதூதன், இந்தப் பையனுக்கு அந்த ஆளு தேவதூதன், ரெண்டு பேருமே உள்ளுக்குள்ள நொந்துபோய் கிடக்கறவங்க, ஒருத்தரை ஒருத்தர் தப்பா புரிஞ்சுட்டு சரியாயிடறாங்க.

அந்த குடிகாரன்தான் அப்புறம் டென்ஸ்க்வாட்டாவா ஆவான், நிஜ வரலாற்றுல வெள்ளக்காரங்கள எதிர்த்து நின்ன பூர்வகுடித் தலைவர் டெகம்சேவோட தம்பி, ஷானி இனத்து தீர்க்கதரிசி. நிஜத்துல 1811 நவம்பர் 7ல டிப்பிகனூ ஆத்தங்கரையில சண்டை நடந்துது, அப்ப டெகம்சே ஊர்லயே இல்ல, ஆள் சேக்க தெற்க போயிருந்தார். மறுநாள் அமெரிக்கப் படைய நடத்தின ஹாரிசன் அவங்க ஊர கொளுத்திட்டார். அந்த சண்டை பேர சொல்லியே 1840 ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சு, பதவியேத்து 31 நாள்ல செத்தும் போனார். டெகம்சே 1813லயே சண்டையில செத்துட்டார். கார்ட் இத என்ன பண்றார்னா, சண்டைய படுகொலையா மாத்திடறார். ஆயுதமே எடுக்க மாட்டோம்னு நிக்கற கூட்டத்த, பொய்ச் செய்திய நம்பி வந்த சாதாரண குடியானவங்க சுடறாங்க, ஆல்வினோட சொந்தக்காரங்களும் அதுல இருக்காங்க. அதுக்கு தண்டனை என்ன தெரியுமா, அவங்க கையில ரத்தம் வழிஞ்சுட்டே இருக்கும், ஊருக்கு புதுசா யார் வந்தாலும் அன்னிக்கு ராத்திரிக்குள்ள தான் பண்ணினத ஒண்ணு விடாம சொல்லணும், சொல்லாட்டி ரத்தம் திரும்ப வரும். ஆயுசு பூரா. தாகம்னு வந்த வழிப்போக்கனுக்குக் கூட சொம்புல தண்ணி குடுத்துட்டு, உக்காருங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிக்கணும். இதுக்கு மேல ஒரு சாபத்த நான் பேன்டஸியில படிச்சதில்ல.

ஆனா அதே புத்தகத்துலதான் எனக்கு உறுத்தலும் இருக்கு. பூர்வகுடிங்கள மண்ணோட பாட்டு கேக்கற, அடிச்சுவடு பதியாம ஓடற தெய்வீகமான ஆளுங்களா காட்டறது கொஞ்சம் நேரத்துல சலிக்குது, நல்லவனா காட்டறதும் ஒரு விதத்துல தள்ளி வைக்கறதுதான். அப்புறம் மிசிசிப்பிக்கு மேற்க அவங்க, கிழக்க வெள்ளக்காரங்கன்னு அவங்களாவே ஒதுங்கிக்கற மாதிரி முடிக்கறாரு. நிஜத்துல 1830ல சட்டம் போட்டு துரத்தினாங்க. இருந்தாலும் இவர் அவங்கள கதைக்குள்ள வெச்சிருக்கார். பாட்ரிசியா ரீடின்னு ஒருத்தங்க 2009ல "தர்ட்டீன்த் சைல்ட்"னு எழுதினாங்க, அதுவும் எல்லைப்புற மாயாஜாலம்தான், மாமூத் யானையெல்லாம் உலாவும், ஆனா பூர்வகுடிங்களே இல்லாத காலி கண்டம். அப்ப பெரிய சண்டையே வந்துது. அத படிச்சப்புறம்தான் கார்ட் எவ்ளோ தூரம் முயற்சி பண்ணிருக்கார்னு தோணுச்சு.

மூணாவது புத்தகம் கொல்லுப்பட்டறை. ஆல்வின் ஒரு கருமான்கிட்ட வேலை கத்துக்க சேர்றான், கடைசியில உயிருள்ள தங்கத்துல ஒரு ஏர்க்கொழு செய்யறான். அதுல ஆர்தர் ஸ்டூவர்ட்னு ஒரு கலப்பினப் பையன், அடிமைய தேடிப் புடிக்கறவங்க மோப்பம் புடிச்சு வர்றாங்க. ஆல்வின் அவன ஆத்து தண்ணிக்குள்ள வெச்சு உடம்போட அடிப்படையவே துளி மாத்தி விடறான், அவங்களால இனிமே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஆனா அந்தப் பையனுக்கு யார் குரல்ல வேணா அச்சு அசலா பேசற நேக்கு இருந்துது, அது போயிடுது. இத கார்ட் பெருசா அழுது எழுதல, போற போக்குல சொல்லிட்டு போறாரு.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கிட்டா நல்லது, இது மார்மன் மதத்த ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் வாழ்க்கையோட நிழல். கார்டும் அந்த மதத்துக்காரர். ஸ்மித்துக்கு சின்ன வயசுல கால் எலும்புல ஆபரேஷன், இங்க ஆல்வினுக்கும் கால்ல. அவருக்கு வேதம் எழுதின தங்கத் தகடு கிடைச்சதா சொல்வாங்க, இவனுக்கு தங்க ஏர்க்கொழு. ஸ்மித்தோட செத்துப்போன மூத்த அண்ணன் பேரே ஆல்வின். இது தெரியாமலே நான் படிச்சேன், பிரச்சாரம் மாதிரி எங்கயும் தோணல, அப்புறம் தெரிஞ்சப்ப அட இதுக்குதானான்னு நாலஞ்சு எடம் புரிஞ்சுது.

நாலாவது "ஆல்வின் ஜர்னிமேன்" 1995ல வந்துது, ஆறு வருஷ இடைவெளி, அது எழுத்துலயே தெரியும். பாதி புத்தகம் கோர்ட் கேஸ், அந்த ஏர்க்கொழு யாருக்கு சொந்தம்னு. தம்பி கால்வின் பாரிஸ் போய் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கோட சுத்தறதுலாம் ஜாலியா இருக்கும். "ஹார்ட்ஃபயர்" 1998, "தி கிறிஸ்டல் சிட்டி" 2003, ரெண்டுலயும் எல்லாரும் பேசறாங்க பேசறாங்க பேசிட்டே இருக்காங்க, கணவன் மனைவி தர்க்கம் வேற. லிங்கன் வர்றார், நல்லாத்தான் இருக்கார். அதுக்கப்புறம் கடைசி புத்தகம்னு சொல்லி வாசகர்கள 20 வருஷத்துக்கு மேல காக்க வெச்சாரு, நான் எப்பவோ காத்திருக்கறத விட்டுட்டேன்.

மொழி பத்தி ஒரு எச்சரிக்கை, அந்தக் காலத்து கிராமத்து பேச்சு இங்கிலீஷ்லயே எழுதியிருக்கார், கரிசல் வழக்குல எழுதின நாவல மொதமொதல்ல தொடற சென்னைக்காரன் மாதிரி ஒரு 30 பக்கம் தடுமாறும், அப்புறம் காதுல ஒட்டிக்கும்.

வரிசைப்படிதான் படிக்கணுமான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. நான் ரெட் ப்ராஃபட்ட மொதல்ல படிங்கன்னு சொல்வேன். கொஞ்சம் குழம்பும், பரவால்ல. அப்புறம் செவன்த் சன்ல அந்த கரப்பான் பூச்சி ராத்திரி வரும்போது, ரூமுக்குள்ள வந்து நிக்கறது யாருன்னு அந்தப் பையனுக்கு முன்னாடி உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.