ஓபரா என்னும் மேலை இசை நாடகத்தில் குறைவாகவே நடித்த ஒருவர் பெரும் பாடகியாக விளங்க முடியுமா?

முடியும், இங்கிலாந்தின் கேத்லீன் ஃபெரியரே அதற்குச் சான்று. 1912இல் பிறந்து, பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தித் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த அவர், 1937இல் கார்லைல் இசைப் போட்டியில் பியானோவுடன் பாட்டிலும் பரிசு பெற்ற பிறகே குரலைத் தொழிலாகக் கொண்டார். பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான கான்ட்ரால்டோவுக்கு ஓபராவில் முதன்மைப் பாத்திரங்கள் அரிது; மேடையில் அவர் ஏற்று நடித்தவை லுக்ரீஷியா, ஆர்ஃபியோ ஆகிய இரண்டே.

புகழைத் தந்தவை கச்சேரிகளே. 1947இல் எடின்பரோவில், புருனோ வால்டர் இசைக்குழுவை நடத்த, இசையமைப்பாளர் மாலரின் ‘பூமியின் பாடல்’ நிறைவை நெருங்கியபோது, கண்ணீர் தொண்டையை அடைத்து, ‘என்றென்றும்’ என்ற இறுதிச் சொல்லை அவரால் பாட இயலவில்லை.

1953 பிப்ரவரியில், லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் ஆர்ஃபியோவாக நடித்தபோது, புற்றுநோயால் நலிந்திருந்த அவருடைய தொடையெலும்பு இரண்டாம் நாள் நிகழ்ச்சியின் நடுவே முறிந்தது. அந்த வலியோடும் அவர் கடைசிவரை பாடி முடித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. அதன்பின் அவர் மேடையேறவில்லை. அக்டோபரில், 41 வயதில் காலமானார். எடின்பரோவில் தொண்டைக்குள் நின்றுபோன அந்தச் சொல்லை, 1952இல் வியன்னாவில் பதிவான இசைத்தட்டில் அவர் குரலிலேயே கேட்கலாம்.